மறு: "அசையா அடுக்கு" வேண்டாம், "தேங்கடுக்கு" என்போமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

> ஸ்டாக்னன்ட் லேயர் = அசையா அடுக்கு. எளிமையாக இருக்கிறது, ஏற்கலாமே?

எளிமைதான் ஐயா, ஆனால் பொருள் தவறிப்போகிறது. கரைசலில் மிதக்கும் துகளின் பரப்பை ஒட்டி நிற்கும் மெல்லிய நீரடுக்குக்கான சொல் இது. அங்கே அசையாமல் நிற்பது நீர் மட்டுமே. அயனிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

பாலிவினைல் ஆல்கஹால் போன்ற மின்னூட்டமற்ற பலபடி (பாலிமர்), கூழ்மத் துகளின் (கரையாமல் மிதக்கும் நுண்துகளின்) மேல் ஒட்டும்போது, சங்கிலியின் சில துண்டுகள் பரப்பில் படிந்து கிடக்கும். இடைப்பகுதிகள் கண்ணிகளாக வளைந்து எழும். முனைகள் வாலாகக் கரைசலுக்குள் நீளும். இந்தக் கண்ணிகளும் வால்களும் நீரோட்டத்தைத் தடுப்பதால் நழுவுதளம் (நிற்கும் நீரும் ஓடும் நீரும் பிரியும் எல்லை) வெளியே தள்ளிப்போகிறது. 0.1 மோலார் சோடியம் குளோரைடில் டிபை நீளம் (பரப்பு மின்னூட்டத்தின் தாக்கம் கரைசலுக்குள் எட்டும் தொலைவு) ஏறத்தாழ 1 நானோமீட்டர்தான். பலபடிப் படலம் 10 நானோமீட்டர் தடிமன் என்றால், எதிரயனிகளில் (பரப்புக்கு எதிரான மின்னூட்டம் கொண்டவற்றில்) பெரும்பாலானவை நழுவுதளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நழுவுதளத்தில் உள்ள மின்னழுத்தமான ஜீட்டா மின்னழுத்தம் சுழியை நெருங்கும். மின்புலம் கொடுத்தாலும் துகள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். பரப்பின் மின்னூட்டமோ பெரிதாக மாறியிருக்காது!

உப்பைக் குறைத்துக் கடத்துதிறனை அளந்தால் உண்மை தெரியும். பரப்பை ஒட்டி அயனிகள் பக்கவாட்டில் நகர்வதும் அந்த அளவில் சேர்ந்து வரும். படலத்தில் பெரும்பங்கு நீர்தான். கண்ணிகளுக்கிடையே சோடியம் போன்ற சிறு அயனிகளுக்கு இடம் தாராளம். பரப்பில் படிந்த துண்டுகளின் அருகில்தான் நெருக்கடி. மின்புலத்தில் துகள் நகரும் வேகத்திலிருந்து ஜீட்டா மின்னழுத்தத்தைக் கணக்கிடும் ஸ்மொலுகோவ்ஸ்கியின் 1903ஆம் ஆண்டுச் சமன்பாடு இந்தப் பரப்புக் கடத்தலைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கடத்தலின் பங்கு எவ்வளவு என்பதை, பரப்புக் கடத்தலைக் கரைசலின் கடத்தலோடு ஒப்பிடும் துகின் எண் சொல்லும். "அசையா அடுக்கு" என்று படிக்கும் மாணவருக்கு இந்தக் கடத்தல் எப்படிப் புரியும்?

அதனால் "தேங்கடுக்கு" என்கிறேன். குளத்து நீர் தேங்கி நின்றாலும் மீன் ஓடுகிறது. அதில் நமக்கு முரண் எதுவும் தோன்றுவதில்லை. புணர்ச்சியும் இயல்பானது: தூங்கு + எயில் தூங்கெயில் ஆவதுபோல, தேங்கு + அடுக்கு தேங்கடுக்கு. தேங்கடுக்குக் கடத்தல், தேங்கடுக்குத் தடிமன் என்று மேலே வளர்க்கவும் வசதி.

> பலபடி உறிஞ்சல்

உறிஞ்சல் என்றால் உள்ளே போவது. இது பரப்போடு நிற்பது. பாடநூல்களில் உள்ள "பரப்புக் கவர்தல்" போதும்.

ஸ்டெர்ன் அடுக்கை (பரப்பை நெருங்கி ஒட்டியிருக்கும் அயனிகளின் அடுக்கை) தேங்கடுக்கின் உட்பகுதியாகக் கொண்டு வரையறை எழுதி அனுப்புகிறேன். "நழுவுதளம்" என்பதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் அதற்குள் சொல்லிவிடுங்கள்.