அப்டேட் போட்ட மறுநாள் வீட்டு சர்வர் படுத்துவிட்டால்: டெல்டா பக்கம் பார்த்த கேஸ்கள் (ஒவ்வொரு பதிவின் மேலேயும் எழுதியவரின் புனைபெயரும் ஊரும்)

குடமுருட்டி, தஞ்சாவூர்

டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) 12-லிருந்து 13-க்கோ, ஓப்பன்மீடியாவால்ட் (டெபியன் மேல் ஓடும் வீட்டு சேமிப்பு சர்வர் மென்பொருள்) 6-லிருந்து 7-க்கோ மாற்றிய கையோடு சர்வர் விழுந்துவிட்டது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எப்படி விழுந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். பூட்டே ஆகவில்லையா? பூட் ஆகி, சில மணி நேரம் கழித்து விளக்கு எரிய ஃபேன் சுற்ற அப்படியே உறைந்து நிற்கிறதா? தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். கிரப் மெனுவில் (பூட் ஆகும்போது முதலில் வருவது) ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் முந்தைய பதிப்பை, தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். 12-லிருந்து 13-க்கு வந்தவர்களுக்குப் பழையது 6.1, புதியது 6.12. பழையதில் ஓடும்போது அதே வேலையைக் கொடுக்க வேண்டும்: அதே பெரிய வீடியோ ஃபோல்டரை அதே லேப்டாப்பிலிருந்து காப்பி செய்யுங்கள். அதில் நின்று ஓடினால் கெர்னல் மேல் சந்தேகப்படலாம். அதிலும் விழுந்தால் பெரும்பாலும் கரண்ட், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை), ராம், கேபிள் இவற்றில் ஒன்று. மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடிய பெட்டியை அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் பல பழைய கோளாறு வெளியே வருகிறது. பழி மட்டும் அப்டேட்டுக்குப் போகும்.

அடுத்தது லாக். ‘ஜர்னல்சிடிஎல் -பி -1 -இ’ கொடுத்தால் விழுந்துபோன அந்த முந்தைய பூட்டின் கடைசி வரிகள் வரும். ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்று வரிசையாக வந்தால் டிஸ்க், கேபிள், எஸ்எம்பிஎஸ் பக்கம் பாருங்கள். ‘அவுட் ஆஃப் மெமரி’ என்றால் ராம் போதவில்லை. சாதாரண வரி ஒன்று வந்து, அதற்குப் பிறகு எதுவுமே இல்லை என்றால் எழுதக்கூட நேரமில்லாமல் செத்திருக்கிறது, பெரும்பாலும் கரண்ட்.

பென்டிரைவில் ஓப்பன்மீடியாவால்ட் போட்டு ஃப்ளாஷ்மெமரி பிளகின் வைத்திருப்பவர்களுக்கு இந்த லாக் கிடைக்காது. அந்த பிளகின் லாக்கை ராமில் வைத்துக்கொண்டு, ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்போதுதான் டிரைவில் எழுதும். திடீரென்று நின்றால் எல்லாம் போச்சு. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்நுழையும் வழி) போட்டு ‘டிமெசேஜ் -டபிள்யூ’ ஓட விட்டு, விண்டோவை மூடாமல் வையுங்கள். சர்வர் செத்தாலும் கடைசி வரிகள் லேப்டாப் திரையில் இருக்கும்.

அரசலாறு, கும்பகோணம்

பூட்டே ஆகாத கேஸ்களில் அதிகம் பார்த்தது பூட் பார்ட்டிஷன் நிரம்பிப்போவது. கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் வீட்டுப் பெட்டி, பூட்டுக்குத் தனியாக 512 எம்பி பார்ட்டிஷன். பழைய கெர்னல் நாலைந்து சேர்ந்திருந்தது. புதிய கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் டிஸ்க்கைத் திறக்க உதவும் சிறு கோப்பு) எழுதும்போது இடமில்லை. அந்த எர்ரர் அப்டேட் ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே வந்து போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் கெர்னல் பேனிக்: ‘அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக் 0,0’. அந்த 0,0 வந்தால் முதல் சந்தேகம் இனிட்ராம்எஃப்எஸ் மேல் இருக்கட்டும். டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம்.

பழைய கெர்னலில் ஏற்றி, ‘ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ கொடுத்து இடம் உண்டாக்கி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்’, அதற்குப் பிறகு ‘அப்டேட்-கிரப்’. முடிந்தது. அடுத்த அப்டேட்டுக்கு முன்னால் ‘டிஎஃப் -எச்’ போட்டு பூட்டில் பாதியாவது காலியா என்று பாருங்கள்.

அடுத்தது எஃப்எஸ்டேப், எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு. டிஸ்க்கை எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால், புதிய கெர்னல் வேறு வரிசையில் எண்ணும்போது மாறிப்போகும். 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நிற்கும். யுயுஐடி-யால் (டிஸ்க்குக்கே உரிய மாறாத அடையாள எண்) எழுதுங்கள், டேட்டா டிஸ்க்குகளுக்கு ‘நோஃபெயில்’ சேருங்கள். ஒரு டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இன்ஸ்டால் செய்தபோது ரூட் பாஸ்வேர்ட் கொடுக்காதவர்களுக்கு எமர்ஜென்சி மோடிலும் கதவு திறக்காது, ‘ரூட் அக்கவுண்ட் இஸ் லாக்டு’ என்று நிற்கும். கிரப்பில் ‘இ’ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘இனிட்=/பின்/பாஷ்’ சேர்த்து ஏற்றி, ரூட்டை எழுதக்கூடியதாக ரீமவுண்ட் செய்துவிட்டு எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்கள்.

ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்ப்பது) வைத்திருப்பவர்களுக்கு எம்டி0 என்பது எம்டி127 ஆக எழுந்தால் பயம் வேண்டாம். டேட்டா அப்படியே இருக்கிறது. எம்டிஅட்மின் கான்ஃபிக் இனிட்ராம்எஃப்எஸ்-க்குள் போகவில்லை. ‘எம்டிஅட்மின் --டீடெய்ல் --ஸ்கேன்’ தரும் வரியை கான்ஃபிக்கில் சேர்த்து இனிட்ராம்எஃப்எஸ் மறுபடி உருவாக்கினால் சரி. ‘--கிரியேட்’ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ‘--அசெம்பிள்’ போதும்.

வெண்ணாறு, நீடாமங்கலம்

ரெய்டுகாரர்களைப் போலவே இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் கோப்பு முறை) வைத்திருப்பவர்களும் தேவையில்லாமல் பதறுவார்கள். டெபியனில் இசட்எஃப்எஸ் மாட்யூல் ஒவ்வொரு கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் (மாட்யூலைக் கட்டித் தரும் கருவி) வழியாகத் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும். கெர்னல் ஹெட்டர்ஸ் இல்லையென்றால் கம்பைல் ஆகாது, மாட்யூல் ஏறாது, பூல் (சேர்த்த டிஸ்க் தொகுதி) காணாமல் போன மாதிரி இருக்கும். இந்த நேரத்தில் பூலைப் புதிதாக உருவாக்கிப் பழைய படங்களை எல்லாம் தொலைத்தவர்கள் உண்டு. ‘லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64’ நிறுவி, ‘டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’, ‘மோட்ப்ரோப் இசட்எஃப்எஸ்’, ‘இசட்பூல் இம்போர்ட்’. இந்த வரிசையில் போனால் பூல் வந்துவிடும்.

டெபியன் 12-ல் இருந்தது ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.1, 13-ல் 2.3. ஸ்டேட்டஸ் பார்த்தால் ‘சில வசதிகள் இயக்கப்படவில்லை, அப்கிரேடு செய்யலாம்’ என்று ஒரு வரி வரும். அது எர்ரர் இல்லை, விட்டுவிடுங்கள். ‘இசட்பூல் அப்கிரேடு’ கொடுத்துப் புதிய வசதிகள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டால் பழைய பதிப்பில் அந்த பூலைத் திறக்க முடியாமல் போகலாம். ஒன்றிரண்டு மாதம் நிம்மதியாக ஓடிய பிறகு செய்தால் போதும்.

2.3-ல் இன்னொன்று. லினக்ஸில் முன்பு ஏஆர்சி கேஷ் (இசட்எஃப்எஸ் வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்) ராமில் பாதியோடு நிற்கும். இப்போது அந்த வரம்பை உயர்த்திவிட்டார்கள், கிட்டத்தட்ட முழு ராமையும் பிடிக்கலாம். 8 ஜிபி பெட்டியில் கூடவே டாக்கரும் (ஆப்களைத் தனித்தனியாக ஓட்டும் மென்பொருள்) ஓடினால் மூச்சு முட்டும். மோட்ப்ரோப் கான்ஃபிக்கில் ‘இசட்எஃப்எஸ்_ஏஆர்சி_மேக்ஸ்’ மதிப்பை 4294967296 என்று கொடுங்கள், 4 ஜிபி. பைட்டில்தான் கொடுக்க வேண்டும்.

இசட்எஃப்எஸ் இல்லாதவர்களுக்கும் 13-ல் ஒரு பொறி. ‘டெம்ப்’ ஃபோல்டர் இப்போது ராமில் இருக்கிறது, ராமில் பாதி வரை நிரம்பலாம். வீடியோ மாற்றும் புரோகிராம் ஏதாவது அங்கே தற்காலிகக் கோப்பு எழுதிக்கொண்டிருந்தால், படம் ஓடும்போது சர்வர் உறைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ‘சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டெம்ப்.மவுண்ட்’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி டிஸ்க்குக்குப் போய்விடும்.

வெட்டாறு, நாகப்பட்டினம்

உறைந்துபோச்சு என்று வரும் பெட்டிகளில் ஒரு பகுதி உறையவே இல்லை. மானிட்டரும் கீபோர்டும் மாட்டிப் பாருங்கள், லாகின் கேட்கும். நெட்வொர்க் மட்டும் செத்திருக்கும். ‘ஐபி ஏ’ கொடுத்துப் பெயரைப் பாருங்கள்; அப்டேட்டில் ஈஎன்பி2எஸ்0 என்பது ஈஎன்பி3எஸ்0 ஆகியிருந்தால் பழைய பெயருக்கு எழுதிய ஐபி அநாதையாக நிற்கும். ஓப்பன்மீடியாவால்ட் என்றால் ‘ஓஎம்வி-ஃபர்ஸ்ட்எய்டு’ போட்டு மெனுவில் நெட்வொர்க்கை மறுபடி அமைத்துவிடலாம்.

பெரிய கோப்பு காப்பி ஆகும்போது மட்டும் நெட்வொர்க் போனால், ஈ1000ஈ டிரைவரில் ‘டிடெக்டெட் ஹார்டுவேர் யூனிட் ஹேங்’ என்று லாக்கில் தேடுங்கள். ‘ஈத்டூல் -கே’ கட்டளையில் (பெரிய எழுத்து கே) டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ என்ற வேகப்படுத்தும் வசதிகள் இரண்டையும் ஆஃப் செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இந்த அமைப்பு ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும், சிறிய சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி வையுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று: உப்புக் காற்று. சாட்டா கேபிளின் பித்தளை நிற முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ போட்டு 199 என்ற எண்ணில் தொடங்கும் வரியைக் குறித்து வையுங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் கேபிள் அல்லது கனெக்டர். டிஸ்க்கை மாற்றத் தேவையில்லை. 5, 197, 198 ஏறினால்தான் டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது. ராம் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் போட்டு, ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ராம் சோதனை) ஓட விடுங்கள்.

ஞாயிறு அதிகாலையில் மட்டும் விழுகிறதா? டெபியனில் எம்டி ரெய்டு சோதனை மாதத்தின் முதல் ஞாயிறு, இசட்எஃப்எஸ் ஸ்க்ரப் (முழு டேட்டா சரிபார்ப்பு) இரண்டாவது ஞாயிறு. எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், பலவீனமான எஸ்எம்பிஎஸ் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

பாமணி, மன்னார்குடி

கரண்டுக்கு வருவோம். கிராமத்துப் பக்கம் பம்புசெட்டுக்கு மும்முனை விடும் நேரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார் எல்லாம் ஒன்றாக எழும். அந்த நொடியில் வீட்டு வோல்டேஜ் தொபுக்கென்று இறங்கும். லைட் ஒரு தடவை மங்கி நிமிரும், அவ்வளவுதான்; சர்வர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். நேரத்தைக் குறித்துப் பாருங்கள். ‘ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்’ தரும் நேரமும் மும்முனை வரும் நேரமும் ஒத்துப்போனால் அப்டேட்டைத் திட்ட வேண்டியதில்லை.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். அதன் பின்னாலிருக்கும் ஸ்விட்சைப் பாருங்கள். ‘நார்மல்’ அல்லது ‘ஈகோ’ மோடில் சுமார் 100 வோல்ட் வரை இறங்கினாலும் லைன் கரண்டையே அப்படியே விடும். மாறும் நேரமும் 40 மில்லிசெகண்ட் வரை போகும். ‘யுபிஎஸ்’ மோடில் 180-க்குக் கீழே வந்ததும் பேட்டரிக்கு மாறிவிடும், 10, 15 மில்லிசெகண்டுக்குள். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் தாங்கும் நேரம் முழு லோடில் 16 மில்லிசெகண்ட் அளவுதான். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எஸ்எம்பிஎஸ்-ஐயும் பாருங்கள். 3.5 இன்ச் டிஸ்க் ஒன்று சுழல ஆரம்பிக்கும்போது 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். நாலு டிஸ்க் என்றால் 8 ஆம்பியர், 96 வாட். ஓடிக்கொண்டிருந்தவரை பிரச்சினை தெரியாது, அப்டேட்டுக்குப் பிறகு வரும் ரீஸ்டார்ட்டில் தெரியும். மல்டிமீட்டரை மோலெக்ஸ் கனெக்டரில் வைத்து, டிஸ்க் எழும் நேரத்தில் பாருங்கள்: மஞ்சள் வயர் 11.4-க்குக் கீழேயும், சிவப்பு வயர் 4.75-க்குக் கீழேயும் போகக் கூடாது. போனால் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஒரே மோலெக்ஸிலிருந்து நாலு டிஸ்க்குக்குப் பிரிக்கும் வார்ப்பு ஸ்பிளிட்டர் வேண்டவே வேண்டாம், உருகும்.

அரசலாறு, கும்பகோணம்

பாமணி அண்ணே, எங்கள் தெருவில் சாயங்காலம் முழுக்க 170-தான். யுபிஎஸ் மோடில் போட்டால் இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே ஓடி எட்டு மணிக்கெல்லாம் காலியாகிவிடும். அதனால்தான் பலரும் நார்மலுக்கு மாற்றி வைக்கிறார்கள்.

பாமணி, மன்னார்குடி

அப்படியென்றால் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, சர்வருக்கு மட்டும் தனியாக 600 விஏ லைன்-இன்டராக்டிவ் யுபிஎஸ் வையுங்கள் தம்பி. உள்ளேயே வோல்டேஜ் தூக்கிக் கொடுக்கும் வசதி உண்டு. 170 அதன் எல்லைக்குள் வருகிறதா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் சில யுபிஎஸ் அதைக் கரண்டாகவே ஏற்காது, தன் பேட்டரிக்கே போய்விடும். சைன் வேவ் இன்வெர்ட்டரா என்பதையும் பாருங்கள்.

ஓடம்போக்கி, திருவாரூர்

ராஸ்பெர்ரி பை-யில் (சிறு கம்ப்யூட்டர் போர்டு) யுஎஸ்பி டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு. புக்வார்ம் (டெபியன் 12) பதிப்பிலிருந்து ‘சிஎம்டிலைன்’ கோப்பு ‘/பூட்/ஃபர்ம்வேர்’ ஃபோல்டருக்குள் போய்விட்டது. பழைய குறிப்பைப் பார்த்து ‘/பூட்’ கோப்பைத் திருத்தினால் எதுவும் மாறாது. டிஸ்க் எழுதும்போது ‘யுஏஎஸ்’ (யுஎஸ்பி டிஸ்க்கின் வேக முறை) என்று எர்ரர் வந்து விழுந்தால், ‘எல்எஸ்யுஎஸ்பி’ தரும் நாலு நாலு எழுத்து எண்களை எடுத்து, ‘யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்=’ என்பதற்குப் பின்னால் எழுதி, கடைசியில் ‘:யு’ சேருங்கள். முழுக் கோப்பும் ஒரே வரியில் இருக்க வேண்டும், என்டர் தட்டினால் பூட் ஆகாது. வேகம் கொஞ்சம் குறையும்.

அதற்கு முன்னால் ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு’ கொடுங்கள். 0x0 வந்தால் நல்லது. 0x50005 என்றால் இந்த நிமிடமே வோல்டேஜ் போதவில்லை. 0x50000 என்றால் பூட் ஆன பிறகு எப்போதோ குறைந்திருக்கிறது. போன் சார்ஜரைக் கழற்றிவிட்டு பை-க்கு உரிய சப்ளை போடுங்கள். பை 4-ல் எல்லா யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், இரண்டு போர்ட்டபிள் டிஸ்க் மாட்டினால் தாங்காது. பவர் உள்ள ஹப் வாங்குங்கள்.