விடியற்காலை 4:30-க்கு இரண்டு பிள்ளைகளும் எழுந்துவிடுகிறார்கள், ஒரே அறையில் எப்படிச் சமாளிப்பது?

கோவை அம்மா:
கோவையில் ஒரே படுக்கையறை உள்ள வாடகை வீடு. பெரியவளுக்கு 2 வயது 4 மாதம், சின்னவனுக்கு 5 மாதம். ஹாலில் மாமனாரும் மாமியாரும் படுக்கிறார்கள். அறைக்குள் தரையில் மெத்தை போட்டு நானும் பெரியவளும், மேலே கொக்கியில் சின்னவனுக்குத் தூளி. கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை, பாதி நாள் இரவில் இருக்க மாட்டார்.

சின்னவன் 11 மணிக்கு, 2 மணிக்கு, அப்புறம் 4:30-க்குப் பாலுக்கு எழுகிறான். முதல் இரண்டு தடவையும் அவன் வீறிட்டு அழுதாலும் பெரியவள் புரண்டுகூடப் படுப்பதில்லை. 4:30-க்கு மட்டும் அவன் சிணுங்கினாலே எழுந்து உட்கார்ந்து, "எனக்கும் தூளி" என்று அழுகிறாள். அவளைத் தேற்றுவதற்குள் அவனும் முழுதாக விழித்துவிடுகிறான்.

மாமியார் அவளை ஹாலில் தன்னோடு படுக்க வைக்கச் சொல்கிறார். அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். தம்பி வந்ததும் அம்மா பக்கத்தில் இருந்த இடம் போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றக் கூடாது. ஒரே அறையில் இருவரையும் வைத்துச் சமாளித்தவர்கள் சொல்லுங்களேன்.

தாம்பரம் அக்கா:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான் தங்கச்சி, என் பிள்ளைகளுக்கு இரண்டு வயது வித்தியாசம். பெரியவன் தம்பியின் அழுகையால் எழவில்லை, நான் பட்டென்று போட்ட ட்யூப் லைட்டால்தான் எழுந்தான். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. ஜீரோ வாட் பல்புக்கு மாறினேன். மாற்றுத்துணியெல்லாம் தலைமாட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டேன். உங்கள் தூளிக் கொக்கி கிறீச்சிடுகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, இருவரையும் ஒரே நேரத்தில் தூங்க வைக்கப் பார்க்காதீர்கள். சின்னவனை 7:30-க்குத் தூங்கப் போட்டுவிட்டு, பெரியவனோடு ஹாலில் அரை மணி நேரம் கதை. அது அவனுக்கு மட்டுமான நேரம், போன் கையில் இருக்காது. இரவில் அவன் என்னைத் தேடியது குறைந்ததற்கு அந்த அரை மணி நேரம்தான் காரணம் என்று நம்புகிறேன்.

திருச்சி பாட்டி (ஓய்வுபெற்ற நர்ஸ்):
கண்ணு, தூக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் தூளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 5 மாதத்தில் பிள்ளை புரள ஆரம்பித்துவிடும். துணித் தூளியில் தாடை நெஞ்சில் போய் முட்டினால் மூச்சுத் திணறும், நீ அசந்து தூங்கும்போது தெரியாது. பகலில் கண் எதிரே ஆட்டுவதோடு நிறுத்திக்கொள். இரவில் அவனுக்கென்று தனியாக, குழையாத கெட்டியான சின்ன மெத்தை. மல்லாக்கப் படுக்க வை, தலையணையும் போர்வையும் வேண்டாம். முதல் ஆறு மாதமாவது அம்மா இருக்கும் அறையில் குழந்தை இருப்பது நல்லது, ஒரே படுக்கைதான் கூடாது. அக்காவையும் தம்பியையும் ஒட்டிப் படுக்கப் போடாதே. தூக்கத்தில் அவள் கை அவன் முகத்தில் விழுந்தால் அவளுக்கே தெரியாது. நீ நடுவில் இரு.

அவள் 11 மணிக்கு எழாததற்குக் காரணம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இரவின் முதல் பாதியில்தான் ஆழ்ந்த தூக்கம். விடியும் பக்கம் தூக்கம் மெலிந்துவிடும், சின்னச் சத்தம் போதும். அதனால் 4:30 பாலுக்கு மட்டும் அவன் சிணுங்கி உரக்க அழும்வரை காத்திருக்காமல், உதட்டைச் சப்பும்போதே எடுத்துவிடு.

இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். அவள் மதியம் எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறாள்?

ஓசூர் அப்பா:
கணவர் வீட்டில் இருக்கும் இரவுகளில் பெரியவளை அவர் பக்கத்தில் படுக்க வையுங்கள். என் மகள் முதல் நான்கு நாள் அழுதாள். அப்புறம் எழுந்தால் என் கையைத்தான் தேடினாள்.

கோவை அம்மா:
12 நாள் கழித்து எழுதுகிறேன். பாட்டிம்மா, அவள் மதியம் 3 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்துகொண்டிருந்தாள். இப்போது சாப்பாடு ஆனதும் 1 மணிக்கே படுக்க வைத்து, 3 மணிக்கு எழுப்பிவிடுகிறோம். இரவு 8:30-க்கே கண் சொக்குகிறது. மாமியாரும் புரிந்துகொண்டு, கதை நேரத்தில் டிவியை நிறுத்திவிடுகிறார்.

தூளி பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் அதில் பெரியவள் தன் பொம்மையைப் போட்டு ஆட்டுகிறாள், "எனக்கும் தூளி" என்ற அழுகை நின்றுவிட்டது. சின்னவனுக்குக் காயர் மெத்தை வாங்கினோம். முதல் மூன்று இரவும் தூளி இல்லாமல் ரொம்ப அழுதான், நானும் அழுதேன். நான்காம் நாள் தட்டிக்கொடுத்ததும் தூங்கினான்.

4:30 இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. 12 நாளில் நான்கு நாள் எழுந்தாள். ஆனால் உட்கார்ந்து அழவில்லை. நான் சின்னவனுக்குப் பால் கொடுக்கும்போது என் முதுகோடு ஒட்டிக்கொண்டு, துப்பட்டா நுனியைப் பிடித்தபடி படுத்திருக்கிறாள். இரண்டு நாள் அப்படியே தூங்கிவிட்டாள். அடுத்த வாரம் கணவருக்கு இரவு ஷிப்ட், எப்படிப் போகிறது என்று வந்து சொல்கிறேன்.