குளியலறையை ஒட்டிய சுவரில் பெயிண்ட் உரிகிறது, எங்கிருந்து தொடங்குவது?

புதுக்குடித்தனம் எழுதியது:

வணக்கம். பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். இதுவரை வாடகை வீடுதான் என்பதால் எது கெட்டாலும் உரிமையாளருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது, இப்போது நாமேதான் பார்த்தாக வேண்டும். இந்த வேலைகளைக் கற்றுக்கொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை, ஆனால் கையில் இருப்பது ஒரு சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும்தான்.

பெரிய கவலை படுக்கையறைச் சுவர். அதன் மறுபக்கம் குளியலறை. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது, உரிந்த இடத்தைத் தடவினால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. பெயிண்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சுரண்டி பட்டி பார்த்து ஈரம் தாங்கும் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்றார். கொத்தனார் ஒருவர் குளியலறை டைல்ஸ் மொத்தத்தையும் பெயர்த்தெடுக்க வேண்டும் என்கிறார். இரண்டுக்கும் நடுவில், நானே செய்து பார்க்கக் கூடியதாக ஏதாவது இருக்கிறதா?

இது தவிர வாஷ்பேசின் குழாய் எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டுகிறது. அதே படுக்கையறையில் புத்தகம் வைக்கப் பலகை ஒன்றும் மாட்ட வேண்டும். எதை முதலில் எடுப்பது?

கரணை எழுதியது:

பெயிண்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி உப்பு. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு சுவரின் மேற்பரப்புக்கு வருகிறது, அங்கே தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிப் படிகமாக வளர்ந்து பெயிண்டைத் தள்ளுகிறது. பின்னாலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் எவ்வளவு நல்ல பெயிண்டும் தாங்காது. ஈரத்தை வெளியே விடாத பெயிண்டை அறைப்பக்கம் அடித்தால் இன்னும் மோசம், வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறி, அப்புறம் இடுப்பு உயரத்தில் உரியும். அதற்காக டைல்ஸை உடனே உடைக்கவும் வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேருமே இன்னும் பார்க்கவில்லை, அதை நீங்களே பார்க்கலாம், செலவே இல்லை.

முதலில் ஈரத்தின் மேல் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். ஈரமான சுவர் காய ரொம்ப நாள் ஆகும், அதனால் காய்கிறதா என்று பார்த்துப் பிரயோஜனம் இல்லை, கோட்டைத் தாண்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர் வரும் பைப். அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும், கசிந்தால் இரவும் பகலும் கசியும். தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறதென்றால் இரவில் தொட்டிக்குள் தண்ணீர் வரும் வழியை மூடி, மட்டத்தைக் குறித்துவிட்டு, யாரும் குழாயைத் திறக்காமல் காலையில் பாருங்கள். மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு முள் நகர்கிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். கழிப்பறை ஃபிளஷ் தொட்டி ஒழுகினாலும் முள் நகரும், அதன் வால்வையும் மூடிவிடுங்கள்.

அது சரியாக இருந்தால் கழிவுநீர் பைப். ஹோஸை நேராகத் தரை வடிகாலுக்குள் விட்டு, தரையில் ஒரு சொட்டும் சிந்தாமல் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். சில நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் கோட்டைக் கவனியுங்கள். மாற்றம் இல்லையென்றால் கடைசியாகத் தரை. வடிகால் வாயைத் துணி சுற்றிய பிளாஸ்டிக் உறையால் அடைத்து, வாசற்படியைத் தாண்டாத அளவுக்கு ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் நிறுத்துங்கள். மட்டம் குறைந்து அந்தப் பக்கம் கோடும் தாண்டினால் ஓட்டை டைல்ஸ் இணைப்பில் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு சோதனை செய்யாதீர்கள், எதனால் ஈரம் ஏறியது என்று தெரியாமல் போய்விடும்.

வாஷர் எழுதியது:

குழாயை இன்றைக்கே முடித்துவிடலாம், கை பழகவும் அதுதான் நல்ல வேலை. கைப்பிடி பல சுற்று சுற்றித்தான் மூடுகிறது என்றால் உள்ளே ரப்பர் வாஷர், கால் சுற்றிலேயே மூடிவிடுகிறது என்றால் செராமிக் கார்ட்ரிட்ஜ். இறுக்கி மூடுகிறேன் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வாஷர்தான். தேய்ந்த வாஷரை இறுக்க இறுக்க அது இன்னும் வேகமாக வெட்டுப்படும், அடியில் வாஷர் அழுந்தி உட்காரும் பித்தளை விளிம்பும் (இதைத்தான் இருக்கை என்பார்கள்) கெடும்.

பேசினுக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடுங்கள், குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வெளியேற்றுங்கள், பேசின் ஓட்டையில் ஒரு துணியைத் திணித்துவிடுங்கள் (சின்னத் திருகாணி அதற்குள் விழுந்தால் பாதி நாள் போய்விடும்). கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே பெரிய நட்டு தெரியும், ஸ்பேனர் பிடிக்கும் இடத்தில் துணி சுற்றிக்கொண்டால் பளபளப்பு கெடாது. தண்டை வெளியே எடுத்ததும் நுனியில் வாஷர் இருக்கும். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும் பாருங்கள், சொட்டுக்குக் காரணம் அதுதான். பழைய வாஷரைக் கையோடு கொண்டுபோய் அதே அளவு வாங்குங்கள், அளவை மனதில் வைத்துக்கொண்டு போனால் தப்பாகத்தான் வாங்குவீர்கள். மாட்டும்போது உள்ளே விரலை விட்டு இருக்கையைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் புது வாஷரும் சீக்கிரம் போய்விடும், அப்போது குழாயையே மாற்றுவது நல்லது.

குழாயை மாற்றுவதாக இருந்தால் டெஃப்லான் டேப்பை மரையின் நுனி உங்களைப் பார்க்கும்படி வைத்துக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள், எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே அவிழ்ந்து வரும்.

வயரிங்காரன் எழுதியது:

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். அந்த ஈரச் சுவரில் பிளக் பாயிண்டோ ஸ்விட்ச் போர்டோ இருக்கிறதா? இருந்தால் மற்ற வேலை எல்லாம் அப்புறம், முதலில் அந்த லைனின் எம்சிபியை (மெயின் போர்டில் இருக்கும் பிரேக்கர் ஸ்விட்ச்) இறக்கிவிடுங்கள். எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டும்தான் விழும், உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் பாய்ந்தால் அதற்குத் தெரியாது. அதற்கு இருப்பது ஆர்சிசிபி, வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் போடுவார்கள். அதன் மேல் டெஸ்ட் பட்டன் இருக்கும், அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றாலோ, அப்படி ஒன்று போர்டிலேயே இல்லை என்றாலோ, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நீங்களே முயற்சி செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பலகையை அந்தச் சுவரில் மாட்ட வேண்டாம், மறுபக்கம் தண்ணீர் பைப் போகிறது. வேறு சுவரிலும் ஸ்விட்சுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் ஓடும். செங்கல் சுவர் என்றால் கான்கிரீட் பிட், டிரில் ஹேமர் மோடில், 6 மில்லி பிளக்குக்கு (ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் திணிக்கும் பிளாஸ்டிக் உறை) 6 மில்லி பிட். பிளக்கின் நீளத்தை அளந்து பிட்டில் டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தெரியும். துளைத்ததும் உள்ளே இருக்கும் தூசியை எடுத்துவிடுங்கள், தூசியோடு திணித்த பிளக் பாரம் ஏறியதும் வெளியே வரும். இலேசான ஓட்டைக் கல் சுவர் என்றால் அதற்கென்று தனி பிளக் உண்டு, சாதா பிளக் பிடிக்காது.

புதுக்குடித்தனம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அந்தச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது, அணைத்துவிட்டேன். ஆர்சிசிபி பட்டனை அழுத்தியதும் விழுந்தது. குழாய் வாஷர் மாற்றியாகிவிட்டது, சொட்டு நின்றுவிட்டது, பள்ளம் நீங்கள் சொன்னபடியே இருந்தது!

தொட்டி மட்டம் காலையிலும் அப்படியே இருந்தது. வடிகாலில் ஹோஸ் விட்டும் கோட்டில் மாற்றம் இல்லை. தரையில் தண்ணீர் கட்டியபோதுதான் ஈரம் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே வந்துவிட்டது. குனிந்து பார்த்தால் தரை டைல்ஸும் சுவர் டைல்ஸும் சேரும் மூலையில் கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை நிரப்பும் கலவை) இல்லவே இல்லை, கத்தி முனை தாராளமாக உள்ளே போகிறது. இனி உடைத்துத்தான் ஆக வேண்டுமா?

கரணை எழுதியது:

இப்போதே உடைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுப்பவை அல்ல, அடியில் போட்டிருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுதான் தடுக்க வேண்டியது. உங்கள் வீட்டில் அது போய்விட்டது, அல்லது முதலிலேயே போடவில்லை. ஆனால் மேலேயே தண்ணீர் இறங்குவதை நிறுத்தினால் சுவர் காயத் தொடங்கும். அது பலிக்காவிட்டால் உடைக்கலாம், அப்போது எதற்காக உடைக்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

இணைப்புகளில் இருக்கும் பழைய கிரவுட்டைக் குறைந்தது 2, 3 மில்லி ஆழத்துக்குச் சுரண்டியெடுங்கள், மேலேயே பூசினால் உதிரும். தூசியை உறிஞ்சி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி கிரவுட் போடுங்கள். பெட்டியில் தனித்தனியாக வரும் பாகங்களை அதில் சொன்ன அளவில் கலக்க வேண்டும், சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, டைல்ஸ் மேல் ஒட்டியதை உடனுக்குடன் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் போகாது. தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் வேண்டாம். இரண்டும் தனித்தனியாக அசையும், அதனால்தான் அங்கே விரிந்து உதிர்ந்திருக்கிறது. பூஞ்சை பிடிக்காத சிலிக்கோன் சீலண்டை அங்கே இழுங்கள், இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, விரலால் ஒரே இழுப்பில் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது. பிறகு பழையபடி தண்ணீர் கட்டிச் சோதியுங்கள், இந்த முறை புதுக் கோடு.

கோடு நின்றுவிட்டது என்றால் அறைப்பக்கம் ஈரத்துக்கு ஓர் அடி மேலே வரை பெயிண்டைச் சுரண்டி, தட்டினால் பொக்கென்று சத்தம் வரும் பூச்சைக் கொத்தியெடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால்தான் தட்ட வேண்டும், கழுவினால் அது மறுபடி உள்ளே போய்விடும். அதன்பின் காயவிட வேண்டியதுதான். சுவரின் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் சொல்லும் பொதுக் கணக்கு, காற்றோட்டம் இருந்தால் கொஞ்சம் முன்னேயே காயலாம். பூச்சு, பட்டி, பெயிண்ட் எல்லாம் அதற்கு அப்புறம். அந்த இடத்தில் ஜிப்சம் பூச்சு வேண்டாம், ஈரத்தில் நிற்காது. அதுவரை கட்டிலையும் பீரோவையும் அந்தச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.