டைனோசர்கள் முதலைக் கிளையை வென்றனவா, எரிமலை வென்று கொடுத்ததா?

செம்மண்பாறை:

நிமிர்ந்த கால்களும் விரைந்த நடையும் இருந்ததால் டைனோசர்கள் தம் காலத்து மற்ற ஊர்வனவற்றை ஓரங்கட்டி உலகைக் கைப்பற்றின என்னும் பழைய கதை இன்னும் பல கட்டுரைகளில் கேள்வியின்றி எழுதப்பட்டு வருகிறது. அதை நான் ஏற்கவில்லை. ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய அர்ஜென்டினாவின் இஸ்சிகுவலாஸ்டோ பகுதியில் எல்லாரும் அஞ்சி ஒதுங்கிய விலங்கு டைனோசர் அன்று. முதலைகளின் கிளையை (இன்றைய முதலைகளும் அவற்றின் அழிந்துபோன உறவினரும் அடங்கிய கூட்டம்) சேர்ந்த சவ்ரோசூக்கஸ். 5 முதல் 7 மீட்டர் நீளம் கொண்ட அந்த வேட்டை விலங்கின் காலடியில் ஒரு மீட்டர் நீள இயோராப்டர் என்னும் டைனோசர் ஒரு கோழிக்குஞ்சைப் போலத்தான் ஓடித் திரிந்திருக்கும். அதற்குப் பின், இவை வாழ்ந்த டிரையாசிக் காலம் முடியும் தறுவாயிலும் நிலைமை மாறவில்லை. அதே நாட்டின் லாஸ் கொலராடோஸ் பாறைகளில் கிடைத்த ஃபசோலசூக்கஸ் 8 மீட்டரைத் தாண்டியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

நிமிர்ந்த கால்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டைனோசரின் தொடையெலும்பு இடுப்பின் பக்கவாட்டுக் குழிக்குள் தலையை நுழைத்து நிற்கிறது. சவ்ரோசூக்கஸ் வகையினத்திலோ இடுப்பெலும்பு கூரைபோல் மேலே நீண்டு, தொடையெலும்பு அதன் அடியில் தூணாக நின்று எடையைத் தாங்குகிறது. வழிகள் இரண்டாயினும் இரண்டுமே நிமிர்ந்த கால்கள்தாம். 2008-இல் தொல்லுயிரியலாளர்களான ஸ்டீவ் புருசாட்டியும் மைக்கேல் பெண்டனும் மற்றவர்களும் சேர்ந்து நூற்றுக்கணக்கான எலும்புப் பண்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, டிரையாசிக் காலத்தில் உடலமைப்பின் பன்மை டைனோசர்களைவிட முதலைக் கிளையில்தான் அதிகம் என்று தெரிந்தது. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் பிளந்து எரிமலைகள் குமுறி, டிரையாசிக் காலத்தை முடித்த பேரழிவைக் கொண்டுவந்திருக்காவிட்டால், டைனோசர்களின் காலம் என்று ஒன்றை நாம் பேசியிருக்கவே மாட்டோம்.

இறகுநேயன்:

செம்மண்பாறை அவர்களின் தரவுகளோடு எனக்குச் சண்டையில்லை; அவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவோடுதான் சண்டை. உடலமைப்பில் பன்மை அதிகம் என்பதால் வெற்றி அதிகம் என்று ஆகிவிடாது. சவ்ரோசூக்கஸை எல்லாம் வல்ல கொடுங்கோலனாகக் காட்டுவதும் சற்று மிகையே. 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று அதன் மண்டையோட்டைக் கணினியில் அழுத்திப் பார்த்து, கடியின் விசை ஏறத்தாழ 1,000 முதல் 1,900 நியூட்டன் வரைதான் என்று கணித்தது. இது மீன் பிடித்துத் தின்னும் கரியல் முதலையின் கடியோடு ஒப்பிடத்தக்கது. அவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு, எலும்பை நொறுக்காமல் சதையைக் கவனமாகக் கிழித்துத் தின்ற விலங்காகவே அது தெரிகிறது.

எரிமலை எல்லார் தலையிலும்தான் விழுந்தது. முதலைக் கிளையின் பெருவிலங்குகள் அழிந்தபோது டைனோசர்கள் பிழைத்ததற்கு ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? 2022-இல் புவியியலாளர் பால் ஓல்சன் குழுவினர் சீனாவின் ஜுங்கார் படுகையில், அன்று வட துருவ வட்டத்துக்குள் இருந்த ஏரிகளின் நுண்சேற்றுப் படிவுகளுக்கு நடுவே, அங்கு இருக்கக் கூடாத பருமணலையும் சிறுகற்களையும் கண்டனர். குளிர்காலத்தில் கரையோரப் பனிக்கட்டியில் சிக்கிய கற்கள் மிதந்து சென்று நடு ஏரியில் விழுந்தவை அவை. அதே பகுதியில் டைனோசர்களின் காலடித் தடங்களும் உள்ளன. அதாவது, உறைபனியில் வாழப் பழகியவை டைனோசர்கள். எரிமலையின் கந்தகத் தூசு வெயிலை மறைத்து உலகைக் குளிரச் செய்தபோது, உடலில் இறகுப் போர்வை கொண்டவை பிழைத்தன என்று அவர்கள் வாதிடுகிறார்கள். இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

கணுக்கால்:

இருவரும் வெற்றியைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்த விலங்குகள் உண்மையில் ஒன்றையொன்று எப்படி எதிர்கொண்டன என்பதற்கு எலும்பில் சான்று இருக்கிறது. நியூ மெக்சிகோவின் கோஸ்ட் ராஞ்சில் 1947-இல் கண்டறியப்பட்ட புதைபடிவக் குழியிலிருந்து கோயலோஃபைசிஸ் என்னும் சிறு டைனோசரின் எலும்புக்கூடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றுள் ஒன்றின் வயிற்றுப் பகுதியில் சிறு எலும்புகள் இருந்ததைப் பார்த்துவிட்டு, அது தன் குட்டியையே தின்ற விலங்கு என்று பல்லாண்டு எழுதினார்கள். 2006-இல் மீண்டும் ஆராய்ந்தபோது அந்த எலும்புகள் முதலைக் கிளையின் ஒரு சிறு விலங்குடையவை என்று தெரிந்தது. பிள்ளையைத் தின்ற பழி நீங்கியது; முதலை உறவினரைத் தின்ற செய்தி வந்து சேர்ந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வட கரோலினாவில் கிடைத்த போஸ்டோசூக்கஸ் என்னும் முதலைக் கிளை வேட்டை விலங்கு ஒன்றின் வயிற்றில், கவசம் பூண்ட ஏட்டோசர் உட்பட நான்கு வகை விலங்குகளின் மிச்சங்கள் இருந்தன. நான்கில் ஒன்றுகூட டைனோசர் அன்று. இரண்டு வயிறுகளை வைத்து ஒரு யுகத்தின் கதையை எழுதிவிட முடியாதுதான்; ஆனால் முதலைக் கிளைப் பெரியவர்களின் போட்டியாளர் பட்டியலில் டைனோசர்கள் முதலிடத்தில் இருந்ததாக இவை காட்டவில்லை.

வழிப்போக்கன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதலைக்கும் டைனோசருக்கும் போட்டி என்றால் டெய்னோசூக்கஸ் என்னும் பெருமுதலையைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? அதுதானே டைனோசர்களையே தின்றது?

கணுக்கால்:

தின்றது என்பதற்குச் சான்று உண்டு, நண்பரே. டெக்சாஸின் பிக் பெண்ட் பகுதியில் கிடைத்த ஹாட்ரோசர் என்னும் தாவர உண்ணி டைனோசரின் முதுகெலும்புகளில் அதன் பல்தடங்கள் பதிந்துள்ளன. 8 முதல் 10 மீட்டர் வரை வளர்ந்த அந்த விலங்கு, 35 ஆண்டுகளுக்கு மேலாகவும் விடாமல் வளர்ந்தே அவ்வளவு பெரிதானது என்று அதன் முதுகுக் கவசத் தகடுகளின் வளர்ச்சி வளையங்கள் சொல்கின்றன. ஆனால் அது வாழ்ந்தது ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன். இங்கே பேசும் காலத்துக்கு 12 கோடி ஆண்டுகள் பிந்தியது. அப்போது தரை டைனோசர்களுடையது, நீர்க்கரை முதலைகளுடையது என்று பாகம் பிரிந்து முடிந்திருந்தது. இத்திரியின் கேள்வி அந்தப் பாகப்பிரிவினை எப்படி நடந்தது என்பதே.

செம்மண்பாறை:

கோஸ்ட் ராஞ்சை நினைவூட்டியதற்கு நன்றி. என் வாதத்தின் உயிர்நாடியே அந்தக் குழியில்தான் இருக்கிறது. அங்கிருந்து பிளாஸ்டர் உறையிட்டு நியூயார்க் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்ட பாறைக் கட்டிகளுள் சில, உள்ளே புதிதாக ஒன்றும் இராது என்ற எண்ணத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் திறக்கப்படாமலே கிடந்தன. ஆய்வாளர் ஸ்டெர்லிங் நெஸ்பிட் அவற்றுள் ஒன்றைத் திறந்தபோது, இரண்டு காலில் நடந்த, பல்லில்லாத அலகும் பெரிய கண்குழிகளும் குறுகிய கைகளும் கொண்ட ஒரு விலங்கு வெளிப்பட்டது. நெருப்புக்கோழி போன்ற டைனோசர்களின் அச்சு அசல் நகல். அதன் கணுக்கால் எலும்புதான் காட்டிக்கொடுத்தது: ஓர் எலும்பின் முளை மற்றொன்றின் குழியில் பொருந்திச் சுழலும் முதலைக் கணுக்கால். 2006-இல் அதற்கு எஃபிஜியா என்று பெயரிட்டார்கள். நெருப்புக்கோழி டைனோசர்கள் தோன்றுவதற்கு ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள் முன்பே அந்த உடலை முதலைக் கிளை உருவாக்கிப் பார்த்துவிட்டது. (தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி 1985-இல் போஸ்டோசூக்கஸை விவரித்தபோது அதை டைரனோசரின் மூதாதை வரிசையில் வைத்ததும் இத்தகைய ஒற்றுமையால் நேர்ந்த பிழைதான், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

டைனோசர்களின் வெற்றிக்குக் காரணமாகச் சொல்லப்படும் உடலமைப்பையே முதலைக் கிளையும் பெற்றிருந்தது, பெற்றும் அழிந்தது என்றால், அந்த உடலமைப்பு வெற்றிக்குக் காரணமாகாது. இறகு குளிரில் உதவியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் முதலைக் கிளையை வெல்வதற்காக அது தோன்றவில்லை. குடை வைத்திருந்தவன் மழையில் நனையவில்லை என்பதால் அவன் பக்கத்து வீட்டுக்காரனைத் தோற்கடித்தான் என்று சொல்வீர்களா?

இறகுநேயன்:

குடை உவமையை ரசித்தேன். ஆனால் குடை வைத்திருப்பதும் ஒரு தகுதிதானே! போட்டி என்றால் பல்லும் நகமும் மோதிக்கொள்ள வேண்டும் என்று ஏன் கொள்ள வேண்டும்? ஒரே பேரிடரை இருவர் சந்தித்து ஒருவர் மட்டும் மீள்வதும் இயற்கைத் தேர்வுதான்.

கணுக்கால்:

அப்படியானால் சாரோபோடோமார்ஃபுகளை என்ன செய்வீர்கள்? நெடுங்கழுத்து டைனோசர்களின் முன்னோரான அவற்றுள் சில டிரையாசிக் இறுதியிலேயே பல டன் எடை கொண்டவை. அவற்றின் உடலில் இறகு இருந்ததற்குச் சான்றே இல்லை. ஆயினும் அக்கிளை டிரையாசிக்கின் முடிவைத் தாண்டி வந்து, அடுத்த காலமான ஜுராசிக்கில் உலகின் மிகப் பெரிய தரைவிலங்குகளாக வளர்ந்தது. முதலைக் கிளையிலோ இறகில்லாத சிறு ஓட்டக்காரர்கள் பிழைத்தார்கள். இன்றைய முதலைகள் எல்லாம் அவர்களின் வழிவந்தவை. குடையில்லாத இருவர் நனையாமல் வந்திருக்கிறார்கள்.

இறகுநேயன்:

சாரோபோடோமார்ஃபுகளின் விஷயத்தில் என்னிடம் நேரான விடை இல்லை. இறகு ஒன்றே காரணம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவை டிரையாசிக்கில் பெரும்பாலும் வெப்பம் குறைந்த பகுதிகளிலேயே வாழ்ந்தன என்று தட்பவெப்ப மாதிரிகளைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று கூறுகிறது. குளிர் தாங்கும் திறன் அவற்றுக்கு வேறு வழியில் வந்திருக்கலாம் என்ற அளவில் என் வாதத்தைச் சுருக்கிக்கொள்கிறேன். செம்மண்பாறை அவர்கள் பதிலுக்கு, முதலைக் கிளையில் ஏன் சிறியவை மட்டும் தப்பின என்பதை அதிர்ஷ்டம் என்ற சொல்லின்றி விளக்க வேண்டும்.

செம்மண்பாறை:

சிறிய உடலுக்குச் சிறிய உணவு போதும், குட்டிகளும் விரைவில் முதிரும் என்பதற்கு மேல் இன்று என்னால் சொல்ல முடியவில்லை. ஃபசோலசூக்கஸ் வாழ்ந்த அதே லாஸ் கொலராடோஸ் பாறைகளில்தான் ஒரு மீட்டரளவே நீளமுள்ள புரோட்டோசூக்கஸ் வகை முதலைக் கிளை விலங்குகளும் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் வருகிறேன்.