ஆபீஸ் மெயில் இருக்கும் போனை மாற்றலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

தும்பி:

ஏழு வருடமாக ஆண்ட்ராய்டு போன்தான் வைத்திருக்கிறேன், இடையில் ஒன்பது நாள் தவிர. இப்போதுள்ள போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டது. ஐபோனுக்குப் போகலாமா என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். யாரைக் கேட்டாலும் கேமராவையும் பேட்டரியையும் பற்றியே பேசுகிறார்கள். என் கவலை மின்னஞ்சல். சரக்குக் கப்பல் ஆவணங்களைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. ஒரு நாளைக்கு நூறு கடிதத்துக்குக் குறையாது, அதில் பாதியைப் போனில்தான் படிக்கிறேன்.

அந்த ஒன்பது நாள் கதையைச் சொன்னால்தான் என் தயக்கம் புரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐபோன் வாங்கினேன். ஆண்ட்ராய்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே 2015 முதல் ஆப்பிள் ஒரு செயலி வைத்திருக்கிறது. தொடர்புகள், படங்கள், குறுஞ்செய்திகள் எல்லாம் அதன் வழியாக வந்து சேர்ந்தன, மின்னஞ்சல் கணக்கின் பெயர்கூட வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று எண்ணிப் பழைய போனைத் துடைத்தாற்போல் அழித்து, அக்கா மகனிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கள் காலை கடவுச்சொல்லைப் போட்டேன். திரையில் இரண்டு இலக்க எண் ஒன்று வந்தது. அந்த எண்ணை, உள்ளே வருவது நான்தான் என்று உறுதிப்படுத்த என் போனில் இருக்கும் செயலியில் தட்ட வேண்டுமாம். எந்தப் போனில்? மூன்று நாளைக்கு முன் நான் அழித்த போனில்! செயலிக்குக் காப்புப் பிரதி இருக்கிறது என்று நம்பியிருந்தேன். இருந்தது உண்மைதான். ஆனால் ஆண்ட்ராய்டில் எடுத்த பிரதி ஐபோனில் இறங்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐ.டி. பிரிவை அழைத்தேன். என்னைப் புதிதாகப் பதிவு செய்ய மேலாளரின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். மேலாளர் விமானத்தில் இருந்தார். நண்பகலுக்குள் ஒரு சரக்கு ரசீதில் பெட்டி எண்ணைத் திருத்தி அனுப்பியாக வேண்டும். திருத்தக் கோரிய கடிதம் என் மின்னஞ்சல் பெட்டிக்குள் இருந்தது, நான் வெளியே நின்றேன். பக்கத்து இருக்கைத் தோழி தன் கணக்கிலிருந்து வாடிக்கையாளரைக் கேட்டு வாங்கி, பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பிவைத்தார். அந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன். மாலை ஆறரைக்குத்தான் என் பெட்டி திறந்தது.

மனம் விட்டுப்போய், ஒன்பதாம் நாள் அந்தப் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் ஆண்ட்ராய்டே வாங்கினேன். யோசித்துப் பார்த்தால் அந்தப் போன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்த முறை முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். மாறியவர்கள், மாறித் திரும்பியவர்கள், மாறாமலே விட்டவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

நெய்தல்:

வணக்கம் தும்பி ஐயா. ஐ.டி. பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். நீங்கள் அழைத்தது போன்ற அழைப்புகளை எடுப்பவள் நான்.

முதலில் ஒரு பழங்கதை. 2007-இல் ஐபோன் வந்தபோது, அலுவலக மின்னஞ்சல் பார்ப்பவர்கள் கையில் பொத்தான் விசைப்பலகை வைத்த பிளாக்பெர்ரி போன் இருந்தது. 2008-இல் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்சிங்க் நெறிமுறையை (போனும் மெயில் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) ஆப்பிள் உரிமம் பெற்றுச் சேர்த்த பிறகுதான், அலுவலகங்கள் மெயிலுக்கு வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் கடிதங்கள் ஐபோனுக்கு உடனுக்குடன் வரத் தொடங்கின. ஆண்ட்ராய்டிலும் அதே நெறிமுறை வந்தது. போன் சர்வரோடு ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். கடிதம் வந்தால் சர்வர் அந்த இணைப்பிலேயே சொல்லிவிடும். ஒன்றும் வராவிட்டால் சில நிமிடங்கள் கழித்துப் போன் மறுபடியும் கேட்கும். இரண்டிலும் நடப்பது ஒன்றேதான் என்பதால், எதில் மெயில் நன்றாக வரும் என்ற கேள்விக்கு இன்று பெரிய மதிப்பு இல்லை. (எங்கள் அலுவலகத்தில் ஒரு மேலாளர் அந்தப் பொத்தான் விசைப்பலகைக்காகவே பிளாக்பெர்ரியைக் கடைசிவரை விடவில்லை. அதன் பழைய இயங்குதளத்துக்கான சேவை 2022 ஜனவரி 4 அன்று நின்றது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வருத்தமாக இருந்தது.)

உங்கள் நிறுவனம் எந்த வழியில் மெயிலை உள்ளே விடுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். போனிலேயே வரும் மெயில் செயலியை அனுமதிக்கிறார்களா, மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மெயில் செயலியில் மட்டும்தானா, போனையே நிறுவனத்தின் மேலாண்மையில் பதிய வேண்டுமா? இந்த ஒன்றைக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது அழிப்புக் கட்டளை, அதாவது அலுவலகம் தொலைவிலிருந்தே போனில் உள்ளதை அழிப்பது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒருவர் அழுததை நேரில் பார்த்திருக்கிறேன். முன்பு நான் இருந்த இடத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். சொந்தப் போனில், அதன் மெயில் செயலியில், ஆக்டிவ்சிங்க் வழியாக அலுவலகக் கணக்கைச் சேர்த்திருந்தார். கணக்கை மூடும்போது நிர்வாகி ஒருவர் வழக்கம்போல அழிப்புக் கட்டளை கொடுத்தார். அந்த வழியில் போன கட்டளை முழுப் போனையும் அழித்துவிட்டது. மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள், எங்கும் பிரதி இல்லை. விதிப்படிதான் நடந்தது. அதற்காக மனம் ஆறுமா? அவுட்லுக் செயலியில் மட்டும் கணக்கு இருந்திருந்தால் அந்தச் செயலிக்குள் இருந்தது மட்டும் போயிருக்கும்.

ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பு முதல் பணிச் சுயவிவரம் என்று தனி அறை உண்டு. அலுவலகச் செயலிகள் மேல் சின்னப் பெட்டி அடையாளம் இருக்கும், வேலை முடிந்தால் அந்த அறையையே நிறுத்தி வைக்கலாம். ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் சொந்தப் போனுக்கான பதிவுமுறை இருக்கிறது. அலுவலகத் தரவு உள்ளுக்குள் தனியாக இருந்தாலும், கண்ணுக்கு அந்தப் பிரிவு அவ்வளவாகத் தெரியாது. பெட்டி அடையாளத்துக்குப் பழகியவர்களுக்கு இது முதலில் கையைக் கட்டிப்போட்டது போல இருக்கும்.

ஆற்றுமணல்:

நெய்தல் சகோதரி சொல்வதெல்லாம் பெரிய அலுவலகம். என்னுடையது மூன்று பேர் வேலை செய்யும் கணக்கு எழுதும் தொழில். சொந்த டொமைனில் மின்னஞ்சல். வருடக்கணக்காகப் போனில் பாப் முறையில் வைத்திருந்தேன், அப்படியென்றால் என்னவென்று தெரியாமலே.

போனை மாற்றியபோது வந்த கடிதங்கள் இருந்தன, ஏனென்றால் சர்வரில் பிரதியை வைத்திருக்கும்படி யாரோ அமைத்துக் கொடுத்திருந்தார்கள். ‘அனுப்பியவை’ என்ற பகுதியைத் திறந்தேன். ஒரு கடிதம் இல்லை, வெறும் வெள்ளைத் திரை. பாப் முறையில் சர்வரிலிருந்து இறக்க மட்டுமே முடியும். நாம் அனுப்பியதன் பிரதி அனுப்பிய போனிலேயே தங்கிவிடுகிறது. நான்கு வருடமாக வாடிக்கையாளர்களுக்கு எழுதியது, “இந்தத் தேதிக்குள் கட்டிவிடுங்கள்” என்று எச்சரித்தது, எல்லாம் பழைய போனுக்குள்.

நல்லவேளை, பழைய போன் அலமாரியில் இருந்தது. முக்கியமானவற்றை ஒவ்வொன்றாக எனக்கே ஃபார்வர்டு செய்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. ஆனால் அப்படிச் செய்தால் பெட்டியில் எல்லாம் அன்றைய தேதியில் வந்து உட்காரும், பழைய தேதி கடிதத்தின் உள்ளே ஒரு வரியாக மட்டுமே இருக்கும். “நீங்கள் எப்போது சொன்னீர்கள்?” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது அந்த வரியைக் காட்டினேன். அவர் மறுத்துப் பேசவில்லை, ஆனால் என் வார்த்தைக்கு இருந்த பலம் குறைந்துபோனதை உணர்ந்தேன்.

இப்போது ஐமேப். எல்லாம் சர்வரில் இருக்கிறது, எந்தப் போனில் திறந்தாலும் ஒரே பெட்டி. போன் மாற்ற நினைப்பவர்கள் கணக்கின் அமைப்பில் ‘பாப்’ என்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அதை மாற்றாமல் போனை மாற்றாதீர்கள்.

கருங்குயில்:

நான் போன திசை எதிர்த்திசை, ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டு. மின்னஞ்சல் வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. மேசையில் போன் சும்மா கிடந்தால் வராது, கையில் எடுத்தால் ஐந்தாறு சேர்ந்து கொட்டும். இது மனப்பிரமையோ என்று ஒரு நாள் உட்கார்ந்து சோதித்தேன். திரையை அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறொரு முகவரியிலிருந்து கடிதம் அனுப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் கடிதம் உடனே வந்தது. ஒரு மணி நேரம் தொடாமல் விட்டு அனுப்பியது இருபத்திரண்டு நிமிடம் கழித்து வந்தது.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போன் தூக்கத்துக்குப் போய், செயலிகளின் வேலையை அவ்வப்போது மட்டும் செய்யவிடும். உடனடி அறிவிப்புகளுக்குத் தனி வழி உண்டு. ஆனால் நான் வைத்திருந்த மெயில் செயலி அந்த வழியில் வருவதில்லை. போதாததற்குப் போன் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு பேட்டரி சிக்கனம் சேர்த்திருந்தது. செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். மறுநாள் அதே சோதனையில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தும்பி அண்ணா போகும் திசையிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. ஐபோனின் சொந்த மெயில் செயலியில் ஜிமெயிலைச் சேர்த்தால், அது 15 நிமிடம், 30 நிமிடம் என்று இடைவெளி விட்டுத்தான் போய் எடுத்துவரும். ஜிமெயில் செயலியையே நிறுவினால் அறிவிப்பு உடனே வரும்.

இன்னொன்று. ஐபோன்களுக்குள் குறுஞ்செய்தி கொண்டுபோகும் ஐமெசேஜை அணைக்காமல் சிம்மை மாற்றிவிட்டேன். ஐபோன் வைத்திருக்கும் தோழிகள் அனுப்பிய குறுஞ்செய்திகள் நான்கு நாள் எனக்கு வரவில்லை, கோபித்துக்கொண்டார்கள். பழைய போன் கையில் இல்லாவிட்டாலும், எண்ணை விடுவிக்க ஆப்பிளின் இணையதளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது.

பனைமரம்:

மாறவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பல மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டியவை. அவற்றைத் திறக்கும் டிஜிட்டல் சான்றிதழ் போனில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் பழைய கடிதம் ஒன்றும் திறக்காது. அதைப் புதிய போனுக்குக் கொண்டுபோக எங்கள் அலுவலகத்தில் வழி இல்லை என்றார்கள். அலுவலகம் ஒரு வழி செய்யும்வரை பழைய போனே போதும். வருத்தமில்லை.

தும்பி:

எல்லோருக்கும் நன்றி. எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ஐ.டி. பிரிவுக்குப் போய் நேரிலேயே கேட்டேன். அவுட்லுக் செயலி மட்டும்தான், போனைப் பதிய வேண்டியதில்லை, அழித்தால் செயலிக்குள் இருப்பது மட்டும் அழியும் என்றார்கள். எழுத்தில் தரும்படி கேட்டேன், தந்தார்கள். உறுதிப்படுத்தும் செயலியை ஒரே நேரத்தில் இரண்டு போனிலும் பதிந்து வைக்க முடியும் என்றும் சொன்னார்கள். மூன்று வருடத்துக்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தத் திங்கட்கிழமையே வந்திருக்காது.

ஆகவே மாறுகிறேன். மாதக் கடைசிக் கணக்கு நெருக்கடி முடிந்த பிறகு, அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐ.டி. பிரிவில் ஆள் இருக்கும் நேரத்தில். முதலில் புதிய போனில் செயலியைப் பதிந்து, அதிலிருந்தே ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து பார்ப்பேன். கருங்குயில் செய்ததைப் போலக் கவிழ்த்து வைத்துக் கடிகாரமும் பார்ப்பேன். அக்கா மகன் இப்போதே பழைய போனைக் கேட்கத் தொடங்கிவிட்டான். ஒரு மாதம் கழித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை அது அழிக்கப்படாமல், சார்ஜோடு, என் மேசை இழுப்பறையில் இருக்கும்.