பாம்புக்கடிக்கு ஒரு ட்ரைவர் டயகிராம்: எங்கட வைத்தியசாலை அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் தாதியா வேலை செய்யிறன். அரிவுவெட்டுக் காலத்தில புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) கடிச்சு வாற ஆக்கள் கூட. விஷமுறிவு மருந்து ஏத்தச் சுணங்குது எண்டு எல்லாருக்கும் தெரியும். "ஆள் காணாது, ட்ரெயினிங் காணாது" எண்டு கதைச்சுப்போட்டுக் கலைஞ்சிடுவம். இந்தமுறை டொக்டர் பழைய கலண்டர் தாளைத் திருப்பி விரிச்சு ட்ரைவர் டயகிராம் கீற வைச்சார்: ஒரு நோக்கத்தை அடைய எதெது முக்கியம், அதுக்கு என்ன செய்யலாம் எண்டு பெட்டியும் கோடுமாக் காட்டுற படம்.

இடப்பக்கம் நோக்கம். "கெதியா ஏத்துறது" எண்டதை அவர் ஏற்கேல்லை. எவ்வளவு, எப்பவுக்குள்ள எண்டு இருக்க வேணுமாம். "வரேக்கையே விஷம் ஏறியிருக்கிற ஆளுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள்ள மருந்து தொடங்கவேணும், அடுத்த பெரும்போக வெட்டுக்கு முன்னம்" எண்டு எழுதினம். வலப்பக்கம் முதன்மைக் காரணியள், அதுக்கங்கால துணைக் காரணியள், கடைசியில செய்து பாக்கக்கூடிய மாற்றங்கள்.

"ட்ரெயினிங்" பெட்டியில இருந்து கோடு இழுக்கப் போனால் அது எங்கயும் போய்ச் சேரேல்லை. "இரத்தம் உறையுதோ எண்டு பாக்கிறது" எண்ட பெட்டிதான் எங்களைப் பிடிச்சு நிப்பாட்டினது. விஷம் ஏறிட்டுதோ எண்டு அறியிற அந்தச் சோதனைக்கு 2 மில்லிலீற்றர் இரத்தத்தைக் காய்ஞ்ச, சுத்தமான கண்ணாடி ட்யூபில 20 நிமிசம் அசைக்காமல் வைக்கவேணும். பிளாஸ்ரிக் சரிவராது, சோப் போட்டுக் கழுவினதும் பிழையான முடிவைத் தரும். எங்கட கண்ணாடி ட்யூப் எல்லாம் லாப் அலுமாரிக்குள்ள, இரவில பூட்டு! அதால ஈடியூ (அவசர சிகிச்சைப் பிரிவு) சுவரில ஒரு பெட்டி வைச்சம்: புது ட்யூப், மணிக்கூடு, நேரம் எழுதுற தாள். முதல்ல ஒரு இரவு, ஒரு நோயாளியோட மட்டும் செய்து பாத்தம்.

மருந்து கரைக்கிறதும் அப்பிடித்தான். தூள் மருந்து, குலுக்கினால் நுரைக்கும், மெல்லச் சுழட்டவேணும். இப்ப ரெண்டு பேர் சேர்ந்து கரைக்கிறம்.

முதல்ல பரிகாரியாரிட்ட (நாட்டு வைத்தியர்) போட்டு வாறதையும் டயகிராமில போடுவம் எண்டு ஒரு மிஸ்ஸி கேட்டா. எங்கட மணிக்கூடு வாசலில தொடங்குது, அது வேற டயகிராம் எண்டிட்டார் டொக்டர். எனக்கு அதுதான் சரியாப் பட்டது.

மறுமொழி:
தங்கச்சி, அந்த வேற டயகிராமை நாங்கள் வவுனியாவில கீறியிருக்கிறம். நான் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்). கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில கேட்டால், பரிகாரியாரிட்டப் போறதை விட, வழி சொல்லுறதிலதான் நேரம் போகுது எண்டினம். அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிச்சாலும் வயல்காணிக்கு விலாசம் இல்லை. கோயிலடி, மதகடி எண்டு அம்புலன்ஸ் வந்து நிக்கக்கூடிய இடங்களை ஒவ்வொரு வாய்க்காலுக்கும் குறிக்கச் சொல்லியிருக்கிறம். ஒரு வாய்க்காலில தொடங்கியாச்சு.