பொருள்: 'பனிமட்டம்' என்னும் சொல் குறித்து ஓர் ஐயம்

குழுவினருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் உள்ள எங்கள் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புக்காக, சியரா நெவாடா மலையில் கடும்பனிப் பொழிவை எவ்வாறு முன்கணிக்கிறார்கள் என்ற பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும். 2024 மார்ச்சுத் தொடக்கத்தில், டோனர் கணவாய் வழியே செல்லும் 80ஆம் எண் நெடுஞ்சாலையை மூடவைத்த புயலே எடுத்துக்காட்டு. பசிபிக் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து எவ்வளவு நீரைப் பொழியும் என்று கணித்தால் மட்டும் போதாது. எந்த உயரத்துக்கு மேல் அது பனியாகவும் கீழே மழையாகவும் விழும் என்பதும் தெரிய வேண்டும். அந்த உயரம் 7,000 அடியானால், ஏறத்தாழ 5,800 அடியில் இருக்கும் டிரக்கி நகரில் மழைதான். 5,000 அடிக்கு இறங்கிவிட்டாலோ, ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்ற பொதுக் கணக்கில் அதே நீர் தெருவை மூடிவிடும். சியராவின் பனி பெரும்பாலும் கனமானது என்பதால் அந்தக் கணக்கிலும் சிறிது குறைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வுயரத்தைப் 'பனிமட்டம்' என்று எழுதினேன். "பனிமட்டம் 5,000 அடிக்கு இறங்கும்" என்பதைப் படித்த மாணவி, குவிந்த பனி குறைந்துவிடும் என்று புரிந்துகொண்டாள். நீர்மட்டம் என்று கேட்டுப் பழகிய காதில் எச்சரிக்கை நற்செய்தியாகிவிட்டது. மாற்றுச் சொல் தந்து உதவுங்கள்.

மறுமொழி 1

'பனிக்கோடு' இருக்கையில் புதுச்சொல் எதற்கு?

மறுமொழி 2

ஐயா, கோடையிலும் உருகாத பனியின் கீழெல்லையைத்தான் புவியியல் பாடத்தில் பனிக்கோடு என்று படித்தோம். இது ஒரே இரவில் ஆயிரக்கணக்கான அடி இறங்கக்கூடியது. 'உறைமட்டம்' என்று எவரேனும் எழுதுமுன் அதையும் மறுத்துவிடுகிறேன். சுழியம் பாகை நிலவும் உயரத்துக்குக் கீழேயும் பனித்துகள் சில நூறு அடி உருகாமல் விழும். பொழிவு கடுமையானால், உருகும் பனி காற்றின் வெப்பத்தை உறிஞ்சி அவ்வெல்லையை மேலும் கீழே இழுத்துவிடும். முன்கணிப்பாளர் தடுமாறும் இடமே அதுதான்.

மறுமொழி 3

அடிப்படையிலேயே பிழை இருக்கிறது. தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரோடு பனியெதிர் பருவத்தையும் உரிமையாக்கினார். அவர் கண்ட பனி இலைமேல் துளிர்க்கும் பனி. பனித்தல் என்றால் நடுங்குதலும் ஆகும். ஆகவே பனி என்பது குளிரின் பெயரேயன்றி, வானிலிருந்து வெண்மையாக விழும் பொருளின் பெயரன்று. அதற்குச் சங்கச் சொல்லாகிய 'ஆலி' உள்ளது; ஆலங்கட்டியில் இன்றும் வாழ்கிறது. 'ஆலிவரம்பு' என்பதே என் பரிந்துரை.

மறுமொழி 4

அதே புயலில் ஆலங்கட்டியும் விழுந்தால் அம்மாணவிக்கு என்ன சொல்வீர்கள், ஐயா? பனி என்றே ஊர் முழுதும் வழங்குகிறது. 'பனிபெய் உயரம்' போதும்.

மறுமொழி 5

வினைத்தொகை அழகுதான். ஆயினும் தனிக்குறில் முன் ஒற்று இரட்டிப் 'பனிபெய்யுயரம்' என்றாகும். பிள்ளைகள் பல்லை உடைத்துக்கொள்வார்கள். தவிர, மேலே பனி, கீழே மழை என்ற இருமையும் அதில் இல்லை. 'மழைபனி எல்லை' என்று வைக்கலாம். உம்மைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது. 'மழைப்பனி' என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

தொடங்கியவரின் மடல்

அனைவருக்கும் நன்றி. நால்வர் ஒப்பியதால் 'மழைபனி எல்லை' என்றே பாடத்தை அனுப்பினேன். அச்சுப்படி இன்று வந்தது. மெய்ப்புப் பார்த்தவர் ஒன்பது இடங்களிலும் 'ப்' சேர்த்திருக்கிறார்.

மறுமொழி 6

ஆலிவரம்பில் அந்தச் சிக்கல் எழாது.